பட்டியலில் ஒன்பது இடங்கள், சட்டைப் பையில் ஒரு சாவி: மான்ட்ரியலில் கடைசி நாள்

மான்ட்ரியலுக்குப் போனதற்கு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. 2006 ஜூன் மாதம் அலுவலகம் என்னைப் பத்து நாள் பயிற்சிக்கு ஆட்டவாவுக்கு அனுப்பியது. பயிற்சி முடிந்தபோது ஐந்து நாள் விடுப்பு மிச்சம் இருந்தது. அங்கிருந்து மான்ட்ரியல் 200 கிலோமீட்டர், பேருந்தில் இரண்டே கால் மணி நேரம். ஐரோப்பா விசா இல்லாமல் ஐரோப்பாவைப் பார்க்க அந்த நகரம்தான் சரி என்று அலுவலகத்தில் நால்வர் சொன்னார்கள். நால்வரும் ஐரோப்பாவுக்கும் போனதில்லை, மான்ட்ரியலுக்கும் போனதில்லை. ஆகவே ஒருமனதாக இருந்தார்கள்.

தங்கும் செலவு இல்லை என்பது இன்னொரு காரணம். அன்ரன் அண்ணாவும் றீற்றா அக்காவும் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்கள். 1987-இல் சென்னை வளசரவாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். அப்போது அவர்களுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது, எனக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. இப்போது மான்ட்ரியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் இருக்கிறார்கள். அண்ணாவுக்கு மருந்துக் கிடங்கில் வேலை, அக்காவுக்குக் குழந்தைகள் காப்பகத்தில். ஏப்ரலில் மின்னஞ்சல் போட்டேன்: "ஜூன் 27 முதல் ஜூலை 1 வரை தங்கலாமா, வசதிப்படுமா?" ஒரு வார்த்தையில் பதில் வந்தது: "வாங்கோ."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜூலை முதல் தேதி பிற்பகல் மூன்று மணிக்குள் அவர்கள் அந்த வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாக வேண்டும். இரவல் வாங்கிய வான் மூன்றரை வரைதான். அதை விட்டால் அன்று நகரத்தில் வேறு வான் கிடைக்காது. இதெல்லாம் அவர்களுக்கு மார்ச் மாதமே தெரியும். எனக்கு ஜூலை முதல் தேதி மதியம் ஒன்றே காலுக்குத்தான் தெரிந்தது. அதுவரை நான் ஊர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. நான் போய் இறங்கிய அன்றே கூடத்தில் திரைச்சீலை இல்லை. இரண்டாம் நாள் தொலைக்காட்சி காணாமல் போயிற்று. "திருத்தக் குடுத்திருக்கு" என்றார் அண்ணா. சுவரில் ஆணிகள் இருந்தன, படங்கள் இல்லை. எனக்கு நல்ல அறையைக் கொடுத்துவிட்டு அவர்கள் கூடத்தில் படுத்தார்கள். இன்னொரு அறை நிறைய அட்டைப்பெட்டிகள். கோவிலுக்குக் கொடுக்கிற சாமான் என்று சொன்னார்கள். மூன்றாம் நாள் இரவு அண்ணா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே திரு இருதய ஆண்டவர் படத்தைத் தூக்கி வந்து என் கட்டிலுக்கு மேலே மாட்டினார். கூடத்துச் சுவர் சரியில்லையாம். நான்காம் நாள் இரவுச் சாப்பாடு காகிதத் தட்டில் வந்தது. நான் அன்று சாப்பாட்டு நேரத்தில், குறைந்த பொருள்களோடு வாழ்வதைப் பற்றிச் சுமார் இருபது நிமிடம் பேசினேன். மேற்கே வந்தும் பொருளாசை பிடிக்காத குடும்பத்தைக் கண்டதில் மகிழ்ச்சி என்றேன். "ஓம், ஓம்" என்றார் அண்ணா. அக்கா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அங்கே அப்போது ஒரே ஒரு சட்டிதான் இருந்தது.

கடைசி நாளுக்கு ஒன்பது இடங்கள் கொண்ட பட்டியல் போட்டிருந்தேன். விமானம் இரவு 8.50-க்கு. ஆறு மணிக்கு விமான நிலையத்தில் இருந்தால் போதும். காலை எட்டே காலுக்கு, "பன்னிரண்டு மணிக்கு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கிளம்பும்போது அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முன்பு குடியிருந்த யாரோ அந்தக் கதவுக்குப் பூட்டு வைத்திருந்தார்கள். மற்ற நாள்களில் பூட்டவில்லை. அன்று பெட்டி கட்டி வைத்திருந்ததால், பல வருட லாட்ஜ் பழக்கத்தில் கை தானாகச் செய்தது.

கோட்-வெர்ட்டு மெட்ரோ நிலையம் வீட்டிலிருந்து 1.2 கிலோமீட்டர். ஒரு நாள் பயணச் சீட்டு 9 டாலர். எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்பதால், எங்கும் நடக்காமல் காசை மீட்டுவிட வேண்டும் என்ற வெறி வரும். கட்டுப்படுத்திக்கொள்ளவும். ப்ளாஸ் டார்ம் நிலையத்துக்கு 25 நிமிடம். எதிரிலேயே நோத்ர்-தாம் தேவாலயம், நுழைவுக் கட்டணம் 4 டாலர். நீலக் கூரையில் தங்க நட்சத்திரங்கள். பக்தி வரவில்லையென்றாலும் கழுத்து வலி நிச்சயம். அங்கிருந்து பழைய துறைமுகத்துக்கு எட்டு நிமிட நடை. அன்று கனடாவின் பிறந்த நாள் என்பதால் கரையில் கொடிகள் கட்டியிருந்தார்கள். கொடிகளின் எண்ணிக்கைக்கு ஈடாகக்கூட ஆட்கள் இல்லை. விடுமுறை நாளில் ஊர்க்காரர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று யோசித்தேன்.

பத்து மணிக்கு லோரியே நிலையத்தில் இறங்கியதும் விடை கிடைத்தது. எல்லோரும் தெருவில் இருந்தார்கள், தங்கள் மெத்தைகளோடு. இந்தப் பகுதியின் வீடுகளுக்கு மாடிப்படி வெளியே இருக்கிறது. இரும்புப் படி, தெருவிலிருந்து வளைந்து சுழன்று மாடிக்கு ஏறும். படிக்கட்டு வெளியே போனால் உள்ளே இடம் மிச்சம் என்று கட்டியவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆறு மாதம் பனி பெய்யும் ஊரில் இந்தக் கணக்கைப் போட்டவர்களின் தைரியத்தைப் பாராட்ட வேண்டும். அப்படி ஒரு படியில் மூன்று பேர் குளிர்சாதனப் பெட்டியைக் கயிறு கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேலே பிடித்திருந்தார், ஒருவர் கீழே தாங்கியிருந்தார், மூன்றாமவர் நடைபாதையில் நின்று ஆலோசனை வழங்கினார். ஆலோசனை எந்த மொழியிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

பதினைந்து நிமிடம் நின்று பார்த்தேன். அடுத்த தெருவிலும் இதுவே. சைக்கிளுக்குப் பின்னால் சாய்வு நாற்காலியைக் கட்டி ஒருவர் மிதித்துப் போனார். நடைபாதை நெடுகப் பழைய மேசை, விளக்கு, கால் உடைந்த கட்டில். நமது போகி மாதிரி ஏதோ பண்டிகை என்று முடிவு செய்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மாலையில் கொளுத்துவார்களா என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

இருபது நிமிட நடையில் பேகல் கடை. விறகு அடுப்பு, தேன் கலந்த நீரில் வேகவைத்த மாவு, நீண்ட பலகையில் உள்ளே தள்ளி எடுக்கிறார்கள். ஒன்று 60 சென்ட். நடுவில் ஓட்டை இருப்பதைத் தவிர மெதுவடைக்கும் இதற்கும் உறவில்லை. மூன்று சாப்பிட்டேன். அங்கிருந்து மோன்-ரோயால் சாலைக்கு வந்து 11-ஆம் எண் பேருந்து பிடித்தால் மலைமேல் விடுகிறது. இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்தால் காட்சி முனை. மலையின் உயரம் 233 மீட்டர். பரங்கிமலையைவிடப் பெரியது, ஏற்காட்டிடம் சொல்ல முடியாது. ஆனால் கோபுரங்கள், ஆறு, பாலங்கள் எல்லாம் ஒரே பார்வையில் வரும். அங்கிருந்து பார்த்தால் நகரத்தில் யாரும் எதையும் தூக்கிக்கொண்டிருப்பதாகத் தெரியவில்லை. உயரத்தின் சௌகரியம் அதுதான்.

பன்னிரண்டு அடித்துவிட்டது. பட்டியலில் ஐந்து முடிந்திருந்தது, நான்கு பாக்கி. மலையிலிருந்த பொதுத் தொலைபேசியில் 25 சென்ட் போட்டு வீட்டுக்குப் பேசினேன்.

"அண்ணா, பன்னிரண்டுக்கு வர்றேன்னு சொன்னேன். இன்னும் நாலு இடம் பாக்கி. நாலு மணிக்கு வந்தா பரவாயில்லையா?"

அந்தப் பக்கம் கனமான ஏதோ ஒன்று படியில் இறங்கும் சத்தம் கேட்டது.

"ஓம் தம்பி. ஆறுதலாப் பாத்திட்டு வாங்கோ."

பின்னாலிருந்து அக்காவின் குரல்: "திறப்பு, திறப்பைக் கேளுங்கோவன்."

"அக்கா ஏதோ கேக்கறாங்களா, அண்ணா?"

"அது ஒண்டுமில்லை. சாப்பிட்டனீங்களோ எண்டு கேக்கிறா."

மூன்று பேகல் சாப்பிட்டதைச் சொன்னேன். அண்ணா திருப்தி தெரிவித்து வைத்துவிட்டார். திறப்பு என்றால் சாவி என்பது எனக்கு 1987 முதல் தெரியும். அது எந்தச் சாவி என்று யோசிக்க, மலைக் காற்று விடவில்லை.

அதே 11-ஆம் எண் பேருந்து மலையின் மறுபக்கம் இறங்குகிறது. புனித சூசையப்பர் தேவாலயத்தின் அடிவாரத்துக்கு ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்து சேர்ந்தேன். பச்சைக் குவிமாடம், அதற்குப் போக நீண்ட படிக்கட்டு. நடுவே தொண்ணூற்றொன்பது மரப்படிகள், முழந்தாளிட்டு ஏறுபவர்களுக்கு மட்டும். நான் பக்கத்துப் படிகளை உத்தேசித்திருந்தேன். அதற்கும் தண்ணீர் வேண்டும் என்பதால் மூலைக்கடைக்குப் போனேன். இந்த ஊரில் தெப்பனர் என்பார்கள், பாலும் பியரும் லாட்டரிச் சீட்டும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். கல்லாவுக்குப் பின்னால் இலங்கையின் மடு மாதா படம்.

"இந்தியாவோ, தம்பி?"

"சென்னை. இன்னிக்கு இங்க என்ன பண்டிகைங்க? எல்லாரும் பழைய சாமானைத் தெருவுல போடறாங்க."

"பண்டிகையோ." அவர் தண்ணீர்ப் போத்தலை எடுத்து வைத்தார். ஒன்றரை டாலர். "இஞ்ச எல்லாற்ற வாடகைப் பத்திரமும் நேற்றோட முடிஞ்சுது. இண்டைக்கு ஊர் முழுக்க வீடு மாறும். நீங்கள் போற வீட்டில இருக்கிறவன் வெளிக்கிட்டால்தான் நீங்கள் உள்ள போகலாம். அவன் போற வீட்டுக்காரன் வெளிக்கிட்டால்தான் அவன் போகலாம். எங்கயோ ஒருத்தன் நித்திரை கொண்டானெண்டால் பத்துக் குடும்பம் றோட்டில நிக்கும்."

இது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. குறிப்பேட்டை எடுத்து, போகியை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தேன். நான் எழுதுவதைப் பார்த்து அவருக்கும் உற்சாகம் வந்தது.

"இதையும் எழுதுங்கோ. காலமை என்ர மச்சான் வானோட சென்ட் லோரன்டுக்குப் போனவன், இன்னும் அங்கதான் நிக்கிறான். சாமான் எல்லாம் ஏத்தியாச்சு. ஒரு அறை மட்டும் பூட்டிக் கிடக்காம். சுவாமிப் படம் அதுக்குள்ள. படம் முதல் போகாமல் புது வீட்டுக்குள்ள ஒரு சட்டியும் போகக் கூடாதெண்டு அந்த வீட்டு அக்கா நிக்கிறா."

"பூட்டை உடைக்க வேண்டியதுதானே?"

"உடைக்கலாம். விருந்தாளியின்ர அறையாம். அவர் இல்லாத நேரம் உடைக்கிறது மரியாதையில்லை எண்டு அண்ணை விடுறாரில்லை. விருந்தாளி திறப்பையும் கொண்டு மலை பாக்கப் போட்டாராம்." மீதிச் சில்லறையை எண்ணினார். "எப்பிடியான ஆக்கள் எண்டு பாருங்கோ."

"ஆமாங்க" என்றேன்.

எந்த அக்கா, எந்த அண்ணை என்று நான் கேட்கவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். சாவி இருந்தது. அதற்குள் தொலைக்காட்சி, திரைச்சீலை, காகிதத் தட்டு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இருபது நிமிடப் பிரசங்கம் கடைசியில் வந்தது. தண்ணீரை மறந்து கடையை விட்டு வெளியே வந்தேன். அவர் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்.

தேவாலயத்துக்குள் என்ன இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. சந்தை, தாவரவியல் பூங்கா, ஒலிம்பிக் கோபுரம் ஆகிய மூன்றையும் வேறு பதிவுகளில் படித்துக்கொள்ளவும். கோட்-தே-நெய்ஜ் நிலையத்துக்குப் பத்து நிமிடம், ஸ்னோடனில் வண்டி மாறிக் கோட்-வெர்ட்டு சேரும்போது 1.58. அங்கிருந்து வீட்டுக்குப் பதினைந்து நிமிடம் ஆகும் என்று 1.2 கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போடுபவர்களுக்குச் சொல்கிறேன். ஓடினால் ஒன்பது.

வீட்டு வாசலில் வான் நின்றது. பின்கதவு திறந்திருக்க, உள்ளே கூரை வரை பெட்டிகள். ஓர் ஓரத்தில் மட்டும் கட்டில் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். புல்தரையில் இன்னொரு குடும்பம் தங்கள் சொந்த சோபாவில் அமர்ந்திருந்தது. அடுத்துக் குடிவரும் மொரோக்கோக்காரர்கள். கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், காலைப் பத்தரையிலிருந்து. றீற்றா அக்கா அவர்களுக்குக் காகிதக் கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மூன்றாவது சுற்று என்று பிறகு தெரிந்தது.

அன்ரன் அண்ணா படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"ஏன் தம்பி இவ்வளவு வேளைக்கு வந்தனீங்கள்? நாலு மணி எண்டெல்லோ சொன்னனீங்கள்."

மூச்சு வாங்கியது. சாவியை நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் தயங்கினார்.

"நீங்களே திறவுங்கோ. உங்கட சாமான் இருக்கு."

வான்காரர், அதாவது கடைக்காரரின் மச்சான், சிகரெட்டை அணைத்துவிட்டு என்னிடம் வந்தார். "அண்ணை, மலை அங்கயே நிண்டதோ? இல்லாட்டி அதுவும் இண்டைக்கு மாறிட்டுதோ?"

அடுத்த நாற்பது நிமிடத்தில் நான் கற்றவை: இரட்டைக் கட்டிலை ஆறு திருகாணிகள் தாங்குகின்றன. ஆறாவது திருகாணி எப்போதும் வராது. றீற்றா அக்கா படத்தை இறக்கி, நெஞ்சோடு அணைத்து, முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்காரரிடம் சாவி 2.55-க்குப் போய்ச் சேர்ந்தது. மொரோக்கோக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். நன்றியாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல யாரும் முன்வரவில்லை.

புது வீடு அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில், ஐந்து கிலோமீட்டர். நானும் அண்ணாவும் வானின் பின்பக்கம் மெத்தைமேல் உட்கார்ந்து போனோம். பாதுகாப்பு விதிகளைப் பற்றி இந்தப் பதிவு எதுவும் சொல்லாது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணா? நான் ஹோட்டல்ல தங்கியிருப்பேனே."

"விருந்துக்கு வந்த ஆளிட்ட எழும்பிப் போங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

முன்னாலிருந்து அக்கா திரும்பாமலே பேசினார். "சொல்லப்போறன், சொல்லப்போறன் எண்டுதான் அஞ்சு நாளும். ஒவ்வொரு இரவும் 'நாளைக்குச் சொல்லுறன்' எண்டிட்டுத்தான் படுக்கிறவர்."

அண்ணா குளிர்சாதனப் பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். வளைவு வந்தது. "உங்கட அப்பா எங்களை ஒரு நாளும் எப்ப போறியள் எண்டு கேக்கேல்லை, தம்பி. மூண்டு மாசம் எண்டு வந்தனாங்கள். ரெண்டு வருசம் இருந்தனாங்கள். அந்த மனுசன் ஒரு நாள் கேக்கேல்லை. அதை நான் மறந்திடுவனோ?"

நான் அப்போது கீழ்வீட்டில் இருந்தேன். அந்த மாடி எனக்குப் படிக்கவென்று கட்டியது. இரண்டு வருடமும் இரவுச் சாப்பாட்டில் அப்பா சொன்ன வாக்கியம் ஒன்றுதான்: "நாளைக்குக் கேட்டுடறேன்." அம்மா, "நேத்தும் இதையேதான் சொன்னீங்க" என்பார். அப்பா மறுநாள் நிஜமாகவே மாடிக்குப் போவார். றீற்றா அக்கா தேநீர் கொடுப்பார். அப்பா அதைக் குடித்து, குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்துவிட்டு இறங்கி வருவார்.

இதை அண்ணாவிடம் சொல்லவில்லை. பத்தொன்பது வருடமாக ஒருவர் பத்திரமாக வைத்திருக்கும் கருத்தை, ஓடும் வானில் எதற்குத் திருத்துவது? தவிர, அப்பா கேட்கவில்லை என்பது உண்மை. ஏன் கேட்கவில்லை என்பது அவ்வளவு முக்கியமா என்று எனக்கு அன்று சந்தேகம் வந்தது. பெருந்தன்மையால் வாய் திறக்காதவர்களும் கூச்சத்தால் வாய் திறக்காதவர்களும் தங்க இடம் கொடுப்பது ஒரே மாதிரிதான். மாடியில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

புது வீடு இரண்டாம் மாடி, வெளிப்படி, ஒரு சுழற்சி. அக்கா படத்தோடு முதலில் ஏறினார். பிறகுதான் சட்டிகள். கட்டிலும் மெத்தையும் மேலே ஏறியபோது மணி மூன்றரை ஆகியிருந்தது. வான்காரர் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஊரில் அது தொற்றுகிறது போலும். பெட்டிகளைப் பிரிக்கும் முன் அண்ணா கட்டிலைப் பொருத்தத் தொடங்கினார். எதற்கு அவசரம் என்றேன்.

"நீங்கள் ஓடி வந்து களைச்சிருக்கிறியள். ஒரு மணித்தியாலம் சாஞ்சிட்டுப் போங்கோ."

அந்த வீட்டில் முதலில் தூங்கியவன் நான். கண் விழித்தபோது எதிர்ச் சுவரில் படமும் அதன்கீழ் சின்னச் சிவப்பு விளக்கும் இருந்தன. ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு, வேறொருவரிடம் இரவல் வாங்கிய காரில், என்னை விமான நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். அக்கா கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலம் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியது. உங்கள் பொட்டலத்துக்கு நான் உத்தரவாதம் அளிக்க முடியாது, அது அவரவர் அதிர்ஷ்டம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மான்ட்ரியலுக்கு மூன்று முழு நாள் போதும். நாள் சீட்டு எடுத்தால் மூன்று பயணத்தில் காசு கிட்டத்தட்டத் திரும்பிவிடும். நோத்ர்-தாம் தேவாலயத்துக்குக் காலை ஒன்பதுக்குள் போங்கள். மலைக்குப் பேருந்து வாரநாள்களில் எப்படி என்று எனக்குத் தெரியாது, கேட்டுக்கொள்ளவும். ஜூலை முதல் தேதி போக முடிந்தால் கட்டாயம் போங்கள். லோரியே நிலையத்தில் இறங்கி எந்தத் தெருவிலும் நடக்கலாம், கட்டணம் இல்லை. ஒரு நகரமே தன் மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை எந்த அருங்காட்சியகத்திலும் பார்க்க முடியாது. ஆனால் அன்று யார் வீட்டிலும் தங்காதீர்கள். தங்கினால் சுவரைப் பாருங்கள். ஆணி மட்டும் இருந்தால் பட்டியலைச் சுருக்குங்கள். அறையைப் பூட்டாதீர்கள்.

சென்ற வாரம் அண்ணாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. எல்லோரும் நலம், புது வீட்டில் நல்ல வெளிச்சம், அடுத்த வருடம் குடும்பத்தோடு வந்து ஒரு மாதம் இருக்க வேண்டும், எப்போது வந்தாலும் சரி. அந்த வீட்டின் வாடகைப் பத்திரம் எந்தத் தேதியோடு முடிகிறது என்பதோடு இன்னும் நாலைந்து கேள்விகள் கேட்டு உடனே பதில் போட்டேன். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் வந்துவிட்டது.